படைவீரர் கத்தியும் ஊர்க் கொல்லர் உலையும்

(புதுச்சேரி நகரில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் பேச எழுந்தால் சாலை, குடிநீர், தெருவிளக்கு, வரி வசூல் ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் கத்தியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதிலும் படைவீரர் இடைவாரில் செருகிச் செல்லும் கத்தியைப் பற்றி. உழவர் கூட்டத்தில் போர்க் கத்திக்கு என்ன வேலை என்று பின்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. அக்கத்தி பிறந்த இடத்தைத் தேடிக்கொண்டு போனால், உங்கள் ஊர்க் கோடியில் புகையும் கொல்லர் பட்டறையில் போய் நிற்போம். அந்தப் பட்டறை இன்னும் எத்தனை ஆண்டு புகையும் என்பது பெரிதும் உங்களைப் பொறுத்தது. ஆகவேதான் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

கத்திகள் இருவகைப்படும். மடக்கிப் பையில் போட்டுக்கொள்வது ஒரு வகை. அலகும், பிடிக்குள் நுழையும் வாலும் ஒரே இரும்பாய், மடங்காமல் நிலைத்து நிற்பது மற்றொரு வகை. படைகள் விரும்புவது இரண்டாவது வகையையே. மடக்குக் கத்தியின் உயிர் அதன் ஆணியில் இருக்கிறது. நாலு முறை ஓங்கி வெட்டினால் ஆணி தளர்ந்துவிடும். நிலைக்கத்திக்கு அக்கவலை இல்லை. படைவீரருக்குக் கத்தி பகைவனைக் குத்துவதற்கு மட்டுமே என்று எண்ணுவது திரைப்படம் பார்த்து வந்த எண்ணம். கூடாரம் அடிக்க முளை சீவுவது, புதரை வெட்டி வழி உண்டாக்குவது, கயிறு அறுப்பது, தகர டப்பியைத் திறப்பது, விறகு பிளப்பது ஆகியவையே அதன் அன்றாடப் பணிகள். உங்கள் வீட்டு எரவாணத்தில் செருகியிருக்கும் வெட்டரிவாள் செய்யும் வேலைகள் அல்லவா இவை?

நம் நாட்டுப் படையில் பெயர் பெற்ற நிலைக்கத்தி கூர்க்கா வீரர்களின் குக்குரியாகும். 1814 முதல் 1816 வரை நேபாளத்தோடு போரிட்ட கிழக்கிந்தியக் கும்பினியார், எதிரில் நின்ற அம்மலைவாழ் வீரர்களின் திறத்தைக் கண்டு, போர் முடியுமுன்னரே 1815-இல் அவர்களைத் தம் படையில் சேர்க்கத் தொடங்கினர். 1947-இல் நாடு விடுதலை பெற்றபோது இருந்த பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் என்று பிரிக்கப்பட்டன. 1948-இல் இந்தியா பதினோராவது ரெஜிமெண்டு ஒன்றை அமைத்தது. ஆக, நம் படையில் ஏழு. குறுக்காக வைத்த இரு குக்குரிகளை இவ்வீரர்கள் தங்கள் சின்னமாக அணிகின்றனர்.

இவ்வளவு புகழ் பெற்ற கத்தி எந்த ஆயுதச் சாலையில் பிறந்தது? எந்தச் சாலையிலும் இல்லை. நேபாள மலைச்சரிவில் உழவர் வீட்டில் விறகு வெட்டவும், ஆட்டிறைச்சி அறுக்கவும், தழை கழிக்கவும் வைத்திருந்த கத்திதான் அது. அதனை அடிப்பவர்கள் ‘காமி’ எனப்படும் ஊர்க் கொல்லர்கள். உழவர் மகன் படையில் சேரப் போனபோது வீட்டுக் கத்தியையும் உடன் கொண்டு போனான். படை அதனை ஏற்றுக்கொண்டது.

அக்கொல்லர்கள் கத்திக்குத் தோய்ச்சல் கொடுக்கும் முறையை நீங்கள் கவனிக்க வேண்டும். காய்ச்சிச் சிவந்த கத்தியை அப்படியே தொட்டித் தண்ணீரில் ஆழ்த்துவதில்லை. மூக்குள்ள கெண்டி ஒன்றில் நீரை வைத்துக்கொண்டு, வாய்ப்பக்கம் மட்டும் நனையும்படி சிறு தாரையாக ஊற்றிக்கொண்டே போகின்றனர். நீர் பட்ட வாய் கல்போல் இறுகுகிறது; நீர் படாத முதுகும் வாலும் சற்று மென்மையாகவே நின்று விடுகின்றன. வாய் கடினம், முதுகு தாங்கும். இதனால்தான் எலும்பில் பட்டாலும் அலகு ஒடிவதில்லை. நம் ஊர்க் கொல்லர் அரிவாளின் வாயை மட்டும் நீரில் காட்டி எடுத்து, முதுகில் எஞ்சிய சூடு மெல்ல இறங்கும்படி விட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார் அல்லவா? இரண்டும் ஒரே அறிவு. இமயத்தில் ஒன்று, இங்கே ஒன்று.

இனி இந்நகரத்துக்கு வருவோம். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் பெரும்போரில் பிரான்சுக்காகச் சென்று உயிர் நீத்தவர்களின் நினைவாக எழுப்பியது அது. அப்போரில் வீரர்கள் மாதக்கணக்கில் பதுங்கு குழிகளுக்குள் கிடந்தனர். நீண்ட துப்பாக்கியையும் அதன் முனையிலுள்ள சனியனையும் குறுகிய குழிக்குள் சுழற்ற முடியவில்லை. குறுங்கத்தி வேண்டியதாயிற்று. ஆனால் அத்தகைய கத்தியைப் போதுமான அளவில் முன்கூட்டியே செய்து வைத்திருந்த அரசு எதுவும் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? முள்வேலி கட்டுவதற்காக வந்திருந்த இரும்புக் கழிகளைத் துண்டித்து, காய்ச்சி, ஒரு முனையைக் கூராகத் தட்டி, மறுமுனையை வளைத்துப் பிடியாக்கிக்கொண்டார்கள். ‘பிரெஞ்சு ஆணி’ என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டது. பிறகுதான் தியேர் போன்ற கத்தித் தொழில் ஊர்கள் குழிப்போர்க் கத்திகளைப் பெருமளவில் செய்து அனுப்பின. வல்லரசுகள் மோதிய போரிலும், அவசரம் என்று வந்தபோது கைகொடுத்தவை ஓர் உலையும் ஒரு சம்மட்டியுமே.

இக்கைத்தொழிலில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். இதைச் சற்று விரித்துச் சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள். இந்நகரை அடுத்த அரிக்கமேட்டை 1945-இல் வீலர் அகழ்ந்தார்; பின்னர் வந்த பிரெஞ்சு அறிஞர் கசால், அரிக்கமேட்டோடு முத்திரப்பாளையம், சுத்துக்கேணி ஆகிய இடங்களிலுள்ள பெருங்கற்கால ஈமக்காடுகளையும் தோண்டினார். இறந்தவரோடு இரும்புக் கருவிகளை வைத்துப் புதைப்பது அக்காலத்தில் தமிழகமெங்கும் வழங்கிய முறை. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது இரும்பு வாள்களும் ஈட்டிகளும் வெளிப்பட்டன. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம் கிடைத்துள்ளது. பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் உருக்கு வார்த்த மண்குகைகளின் சிதறல்களை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

அந்த உருக்கு எவ்வாறு ஆக்கப்பட்டது? சேலம் பகுதியில் நடந்ததை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நேரில் பார்த்த ஆங்கிலேயர்கள் எழுதி வைத்துள்ளனர். கஞ்சமலை போன்ற மலைகளின் அடிவாரத்தில் கிடைத்த கருமணலையும் தாதுக்கல்லையும் கரியோடு உலையிலிட்டு முதலில் தேனிரும்பு எடுத்தனர். அதனைத் துண்டு துண்டாக வெட்டி, உமி கலந்து பிசைந்த களிமண் குகைகளில் இட்டனர். உடன் சேர்த்தவை என்ன? உலர்ந்த ஆவாரங்கட்டைத் துண்டுகளும், மேலே மூடப் பச்சை எருக்கிலையும்! குகையின் வாயைக் களிமண்ணால் அடைத்து உலரவிட்டு, இருபதுக்கு மேற்பட்ட குகைகளை ஒரே உலையில் வளைவாக அடுக்கி, கரி கொட்டி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினர். குகையை உடைத்தபோது உள்ளே உருக்குக் கட்டி உருண்டு கிடந்தது. உங்கள் வயல் வரப்பில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையும், வேலியோரத்து எருக்கும் உலகம் வியந்த உருக்குக்குக் கரிச்சத்தைத் தந்தன.

‘ஊட்சு’ என்று ஐரோப்பியர் வழங்கியது இவ்வுருக்கைத்தான். 1794-இல் பம்பாயிலிருந்து இதன் மாதிரி இலண்டனுக்குச் சென்றது. மறு ஆண்டே அங்குள்ள அறிஞர் கழகத்தில் ஜார்ஜ் பியர்சன் என்பார் இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை படித்தார். இலண்டன் கத்தி வணிகர் ஸ்டோடார்ட், ஐரோப்பிய உருக்கைவிட இதுவே மேல் என்று கூறி இதில் கத்திகள் செய்து விற்றார். அவரோடு சேர்ந்து இதன் மறைபொருளைக் காண முயன்றவர் மைக்கேல் பாரடே. மின்சாரத்தின் தந்தை என நாம் போற்றும் அப்பெரியார் ஒரு கொல்லரின் மகன் என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. பாரிசு நாணயச் சாலையைச் சேர்ந்த பிரேயான் 1820-களில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, உருக்கில் அடங்கிய கரியின் அளவே இக்கத்திகளில் தோன்றும் நீரலைக் கோலத்துக்குக் காரணம் என்று விளக்கினார். சேலத்தில் கும்பினி அலுவலராயிருந்த ஹீத், நமக்கு வெகு அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் இரும்பாலை அமைத்தார். சேலத்துத் தாது ஆற்று வழியே அங்கு இறங்கியது. அந்த ஆலை நிலைக்கவில்லை. கரிக்காகக் காடுகள் அழிந்ததே மிச்சம். பின்னர் இங்கிலாந்து சென்ற ஹீத், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் உரிமை பெற்றார். அதனால் செபீல்டு நகரம் செழித்தது. ஹீத்தோ வழக்காடியே ஓய்ந்து போனார். நம் உலைகளும் ஒவ்வொன்றாய் அணைந்தன.

இருந்தும், சேலத்துக் கொல்லர் ஒருவரின் பெயர் அணையவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு வாழ்ந்த அருணாசலம் என்பவர் அடித்த வேட்டைக் கத்திகளையும் பன்றி ஈட்டி முனைகளையும் ஆங்கிலப் படை அதிகாரிகள் விரும்பி வாங்கினர். அகன்ற அலகு, சாய்ந்த முனை, உறுதியான வால். படைவீரர் இடையில் செருகுதற்குரிய நிலைக்கத்தியேதான். அலகில் தம் பெயரையும் ஊர்ப் பெயரையும் அவர் ஆங்கில எழுத்தில் பொறித்திருந்தார். அப்பெயர் பொறித்த கத்திகள் இன்றும் வெளிநாட்டு ஏலங்களில் நல்ல விலைக்குப் போகின்றன. தம் பெயரைப் பொறிக்கத் துணிந்த கொல்லர் தம் தோய்ச்சலை நம்பினார் என்று பொருள். தோற்ற கத்தியில் எவரும் பெயர் பொறிப்பதில்லை.

இத்துணைச் சிறப்புடைய தொழில் ஏன் நலிந்தது? ஆலைக் கருவிகளின் மலிவு ஒரு காரணம். அது எல்லாரும் அறிந்தது. அதிகம் பேசப்படாத மற்றொரு காரணம் உண்டு. அது சந்தேகம். 1801-இல் மருது சகோதரர்களையும் அவர்களைச் சேர்ந்தோரையும் ஒடுக்கிய கும்பினி ஆட்சி, அவ்வாண்டு டிசம்பரில் தென்பாளையங்களில் மக்கள் படைக்கலம் வைத்திருப்பதையே தடை செய்து அறிக்கை வெளியிட்டது. மீறினால் மரண தண்டனை என்றும் அச்சுறுத்தியது. 1878-இல் நாடு முழுவதற்குமாக ஆயுதச் சட்டம் வந்தது. வாளும் ஈட்டியும் அடித்த கைகள் ஏர்க்கொழுவுக்கும் அரிவாளுக்கும் திரும்பின. ஆனால் பட்டறையின் மேல் விழுந்த கண் அகலவில்லை.

இன்றும் அக்கண் உண்டு. அதற்குக் காரணமில்லாமலும் இல்லை. வீச்சரிவாளால் நடக்கும் கொலைகளை நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல் துறை, அரிவாளும் கத்தியும் செய்யும் பட்டறைகள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் நோக்கத்தையும் எழுதி வைக்க வேண்டுமென்று அறிவுறுத்தியது. முன்பின் தெரியாத இளைஞர் நால்வர் இரவில் வந்து இரண்டடி நீளத்தில் அரிவாள் கேட்டால், எதற்கென்று கேளாமல் அடித்துக் கொடுப்பவருக்காக நான் பரிந்து பேச மாட்டேன். ஆனால் அவ்வொருவருக்காக, கதிர் அறுக்கவும் பாளை சீவவும் கருவி அடிக்கும் நூறு பேர் அஞ்சி உலையை அணைத்துவிட்டால் இழப்பு யாருக்கு? எனக்குத் தெரிந்த முதிய கொல்லர் ஒருவர், பக்கத்து ஊர்ச் சந்தைக்கு ஐந்தாறு அரிவாள்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு பேருந்தில் போவதையே நிறுத்திவிட்டார். வழியில் எவரேனும் சாக்கைப் பிரித்துக் காட்டச் சொன்னால் பதில் சொல்ல நா எழாது என்கிறார். அறுபது ஆண்டு சம்மட்டி பிடித்தவரின் நிலை இது.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் சொல் விளக்கத்திலேயே, வீட்டுப் பயனுக்கோ வேளாண்மைக்கோ மட்டும் என்று செய்யப்பட்ட பொருள்கள் ‘ஆயுதம்’ ஆகா என்று விலக்களிக்கப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில் வாள், குத்துவாள், துப்பாக்கிச் சனியன், ஈட்டி முதலியவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகள் சேர்க்கப்பட்டுள்ளன. குக்குரியும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அங்கும் வீட்டுப் பயன், வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக அமைந்தவை நீங்கலாக என்றே எழுதியிருக்கிறது. ஆக, சட்டம் அளவை மட்டும் பார்க்கவில்லை. எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்கிறது. ஒரே உலை, ஒரே இரும்பு, ஒரே தோய்ச்சல். நோக்கம் ஒன்றே படைக்கலத்தையும் பண்ணைக் கருவியையும் பிரிக்கிறது. அந்நோக்கத்துக்கு எழுத்தில் சான்று இருந்தால் கொல்லருக்கும் அச்சமில்லை, காவலருக்கும் ஐயமில்லை. எழுத்தில் சான்று உண்டாக்குவது ஊராட்சிக்குக் கைவந்த வேலை அல்லவா?

நிற்க. நல்ல கருவியை அறிவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊராட்சியில் தூய்மைப் பணிக்காக வெளியூர்க் கடையொன்றிலிருந்து வெட்டரிவாள்களை மொத்தமாக வாங்கினர். வண்ணம் பூசி, ஒட்டுத்தாள் ஒட்டி, பார்வைக்கு மிக அழகாயிருந்தன. சீமைக் கருவேலில் நாலு வெட்டு விழுந்ததும் வாய் பல்லிளித்துவிட்டது. அவற்றின் இரும்பில் கரிச்சத்துப் போதவில்லை. வீடு கட்டும் சாதாரணக் கம்பியை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது இறுகாது. லாரியின் அடியிலுள்ள வில்பட்டையோ நூறு பங்கில் அரைப் பங்குக்குச் சற்று அதிகமான கரியுடையது. தோய்ச்சலை நன்றாக ஏற்கும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளின் புகழுக்கு அவ்வூர்க் கொல்லர்களின் கைத்திறத்தோடு இந்த வில்பட்டையும் ஒரு காரணம். நேபாளத்துக் காமிகளும் இன்று லாரி வில்பட்டையிலேயே குக்குரி அடிக்கின்றனர். சாணைக் கல்லில் பிடித்துப் பாருங்கள். கரிச்சத்து மிக்க இரும்பிலிருந்து பறக்கும் பொறி மத்தாப்புப் போல் பல கிளைகளாக வெடிக்கும். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடாகப் போய் அடங்கும்.

தோய்ச்சலே கொல்லரின் முழுக் கல்வி. இரும்பு செம்பழ நிறத்துக்குச் சிவந்து, காந்தத்தை அருகில் கொண்டு சென்றால் ஒட்டாத நிலைக்கு வர வேண்டும். ஏறத்தாழ 770 பாகை செண்டிகிரேடில் இது நிகழும். அதற்கும் சற்று மேலே கொண்டுபோய் நீரிலோ எண்ணெயிலோ தோய்க்க வேண்டும். அப்போது இரும்பு கண்ணாடி போல் கடினமாகும். கண்ணாடி போலவே உடையவும் செய்யும். ஆகவே வாயைத் தேய்த்து வெளுப்பாக்கி, மறுபடி மெல்லச் சூடேற்ற வேண்டும். அவ்வெளுப்பில் நிறங்கள் ஓடத் தொடங்கும். முதலில் வைக்கோல் நிறம். அது ஏறத்தாழ 230 பாகை. அடுத்துப் பழுப்பு, பின் ஊதா, 300 பாகையளவில் நீலம். சீவும் கத்திக்கு வைக்கோல் நிறத்தோடு நிறுத்தலாம். ஓங்கி வெட்டும் அரிவாளுக்கு ஊதா வரை விட வேண்டும். நீலத்தையும் கடந்து விட்டால் முனை மழுங்கிப் போகும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதைக் கொல்லரின் கண்ணே முடிவு செய்கிறது. பட்டறையின் உள்ளே வெளிச்சம் குறைவாயிருப்பதைப் பார்த்து வறுமை என்று எண்ணிவிடாதீர்கள். சிவப்பின் சாயல் தெரிய வேண்டுமென்றே இருளாக வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது நீங்கள் செய்ய வேண்டிய சோதனை எளிது. நல்ல அரம் ஒன்றை வாயின் மேல் ஓட்டுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் உண்டு. வெண்ணெயில் போவது போல் அரம் பற்றிக்கொண்டு தின்றால் இல்லை. முதுகில் ஓட்டினால் சற்றே பற்ற வேண்டும்.

இக்கல்வி ஏட்டில் இல்லை. தந்தையின் பக்கத்தில் துருத்தி ஊதிக்கொண்டு நின்று பிள்ளை கற்றது. இன்று அப்பிள்ளைகள் ஊரைவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போகின்றனர். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். வயிறு நிரம்ப வேண்டும். ஆனால் பட்டறையிலும் வயிறு நிரம்பும் என்றால் சிலராவது தங்குவர்.

2023 செப்டம்பரில் நடுவணரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம் 18 கைத்தொழில்களைச் சேர்த்துக்கொண்டது. அப்பட்டியலில் கொல்லர் உண்டு. சம்மட்டி, கருவி செய்வோர் உண்டு. படைக்கலம் செய்வோரும் தனித் தொழிலினராகவே இடம் பெற்றனர். பயிற்சியும், கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவியும், 5 விழுக்காட்டு வட்டியில் முதலில் 1 இலட்சமும் பின்னர் 2 இலட்சமும் கடனும் அதில் அறிவிக்கப்பட்டன. கிராமங்களில் விண்ணப்பத்தை முதலில் சரிபார்ப்பது ஊராட்சி நிலையில்தான் என்று வைத்தனர். தமிழ்நாடு அரசு 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இக்கூட்டத்தில் எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கொல்லருக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வட்டார அலுவலகத்தில் கேட்டு, அவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். கடன் மட்டும் போதாது. கடன் வாங்கியவரிடம் கருவி வாங்க ஆள் வேண்டும். ஊராட்சிக்கு வேண்டிய அரிவாள், மண்வெட்டி, கடப்பாறை ஆகியவற்றை, விதிகளுக்கு உட்பட்டு, உள்ளூர்ப் பட்டறையிடமும் விலைப்புள்ளி கேட்டு வாங்குங்கள். வாய் மழுங்கினால் மறுநாளே தட்டிக் கொடுக்க அவர் இருப்பார். வெளியூர்க் கடைக்காரர் வருவாரா?

ஊர்ப் பெயரைக் காத்துக்கொள்வது பற்றியும் ஒரு சொல். தென் பிரான்சின் மலைநாட்டில் லாயோல் என்று ஒரு சிற்றூர். உழவரும் மாடு மேய்ப்போரும் பயன்படுத்திய அவ்வூர்க் கத்தி உலகப் புகழ் பெற்றது. 1993-இல் வெளியூர் வணிகர் ஒருவர் அவ்வூரின் பெயரையே தம் பல பண்டங்களுக்கு வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டார். ஊராட்சியார் வழக்காடினர். 2012-இல் தோற்றபோது, எங்கள் பெயரே எங்களுடையதில்லை என்றால் இது எதற்கு என்று ஊரின் பெயர்ப் பலகையைக் கழற்றி எறிந்தனர். மேலும் மேலும் முறையிட்டு, 2019-இல்தான் பாரிசு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சார்பான தீர்ப்புக் கிடைத்தது. இருபத்தாறு ஆண்டுகள்! நம் நாட்டில் 1999-இல் இயற்றி 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் இத்தகைய இழப்பைத் தடுக்கவே ஏற்பட்டது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடும், திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலைப்பாடும் இதன்படி பதிவு பெற்றவை. திண்டுக்கல் பூட்டும் 2019-இல் பெற்றது. அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர் உங்களுடையதானால், தனியொருவராக அன்றி, கொல்லர் அனைவரும் சேர்ந்த சங்கமாகப் பதிந்து, இன்ன இரும்பு, இன்ன தோய்ச்சல் என்று எழுதி வையுங்கள். விண்ணப்பத்துக்கு அதுவே முதல் தேவை.

கடைசியாகப் பதிவேட்டைப் பற்றி. ஊராட்சி அலுவலகத்தில் பட்டறைப் பதிவேடு ஒன்று வைத்து, ஊரிலுள்ள ஒவ்வொரு கொல்லரின் பெயரும் அவர் அடிக்கும் கருவிகளின் வகையும் அளவும் எழுதப்பட வேண்டும். அவருக்கு ஒரு சான்று கொடுங்கள். சந்தைக்குப் போகும்போது அது அவர் பையில் இருக்கட்டும். பட்டறையில் அவர் வைக்க வேண்டிய விற்பனை ஏட்டுக்கு ஐந்து பத்திகள் போதும்: நாள், கருவி, வாங்குபவர் பெயர், ஊர், எதற்காக. எழுதப் படிக்க இயலாத முதியவராயின் பள்ளிப் பிள்ளை ஒருவரை மாலையில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஊராட்சித் தலைவர் ஏட்டைப் பார்த்துக் கையெழுத்திடலாம். அதில் ஒரு படியைக் காவல் நிலையத்துக்கும் அனுப்பி வைக்கலாம். ஏட்டின் மாதிரியை அச்சிட்டு வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டாக எடுத்துச் செல்லுங்கள். ஒன்று ஊராட்சிக்கு, மற்றொன்று பட்டறைக்கு.